பார்த்தீனியம் களை: உடல்நலத்துக்கும் கால்நடைக்கும் நிலத்துக்கும் விளையும் தீங்குகள்

மேலோட்டம்

சாலையோரம், இரயில் பாதையோரம், தரிசு நிலம், வீட்டு மனை, வயல் வரப்பு, மேய்ச்சல் புறம்போக்கு என மண் கிளறப்பட்ட இடங்களில் எல்லாம் வெண்ணிறச் சிறு பூக்களுடன் அடர்ந்து நிற்கும் செடி பார்த்தீனியம். காங்கிரஸ் புல், கேரட் புல் என்ற பெயர்களாலும் மக்கள் இதனை அறிவர். இது நம் நாட்டுச் செடி அன்று. வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்களை, இந்தியாவில் 1950-களின் நடுவில் புனே நகரில் பரவலாகக் கவனிக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்ட கோதுமையுடன் இதன் விதை கலந்து வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. இன்று நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் இது வேரூன்றியுள்ளது. இலங்கையில் இது 1999-ஆம் ஆண்டில் வவுனியாவில் முதலில் பதிவானது.

இச்செடி ஒரே நேரத்தில் மூன்று வகைத் தீங்குகளை விளைவிக்கிறது. மனிதருக்குத் தோல் அழற்சியையும் மூச்சு ஒவ்வாமையையும் உண்டாக்குகிறது. மேயும் கால்நடைகளுக்கு நஞ்சாகிறது. விளைநிலத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் பிற செடிகளை வளரவிடாமல் தடுக்கிறது. பெரும்பாலும் இம்மூன்றும் ஒரே குடும்பத்தையே தாக்குகின்றன. எனவே தோல் சிகிச்சையுடன் வீட்டையும் தொழுவத்தையும் வயலையும் சேர்த்துக் கவனிப்பது இன்றியமையாதது. நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிய வேண்டியவை இப்பக்கத்தில் தொகுக்கப்பட்டுள்ளன.

செடியை அடையாளம் காணுதல்

• இளஞ்செடி தரையோடு ஒட்டி வட்டமாக இலை விரிக்கும். இலைகள் கேரட் அல்லது சாமந்தி இலையைப் போல ஆழமாகப் பிளவுபட்டிருக்கும்.
• வளர்ந்த செடி பொதுவாக ஒரு மீட்டர் உயரம் வரை கிளைத்து நிற்கும். வளமான மண்ணில் அதனினும் உயரும். தண்டில் நீளவாட்டில் வரிகளும் மென்மயிர்களும் காணப்படும்.
• பூக்கள் கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக, வெண்ணிறத்தில், மிளகளவே இருக்கும். உற்று நோக்கினால் ஐந்து முனைகள் தெரியும்.

முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் செடி பூக்கத் தொடங்கிவிடும். ஈரம் இருக்கும் வரை ஆண்டு முழுவதும் பூக்கும். ஒரு செடி பல ஆயிரம் விதைகளை உதிர்க்கும்; நன்கு வளர்ந்த செடியில் 15,000-க்கும் மேற்பட்ட விதைகள் உண்டாகும். எடையற்ற இவ்விதைகள் மழைநீர், வாகனச் சக்கரம், கால்நடைகளின் குளம்பு, வைக்கோல், மணல், எரு ஆகியவற்றுடன் இடம்விட்டு இடம் செல்கின்றன. மண்ணில் புதைந்த விதை பல ஆண்டுகள் முளைக்கும் திறனுடன் இருக்கும்.

தீங்குக்குக் காரணம் என்ன?

செடியின் இலை, தண்டு, பூ ஆகியவற்றின் மேலுள்ள நுண்மயிர்களிலும் மகரந்தத்திலும் பார்த்தெனின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. தோலில் தொடர்ந்து படும்போது, சிலருடைய உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு இதனைப் பகைப்பொருளாகப் பதிவு செய்துகொள்கிறது. அதன் பின் மிகச் சிறிதளவு பட்டாலும் தோல் அழற்சி தோன்றும்.

ஆகவே, “பல ஆண்டுகளாக இந்தச் செடியைப் பிடுங்கி வருகிறேன், அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை” என்று ஒருவர் கூறுவது இந்நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஒவ்வாமை பெரும்பாலும் பல மாதங்கள் அல்லது பல ஆண்டுகள் தொடர்பு ஏற்பட்ட பின்னரே வெளிப்படுகிறது.

செடியைத் தொட்டால்தான் நோய் வரும் என்பதும் சரியன்று. உலர்ந்து நொறுங்கிய இலைத் துகளும் மயிர்த் துகளும் காற்றில் மிதந்து வந்து முகத்திலும் கழுத்திலும் படிகின்றன. செடி காய்ந்த பிறகும் அதன் தீங்கு நீங்குவதில்லை.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?

• உழவர்கள், வேளாண் கூலித் தொழிலாளர்கள், கால்நடை மேய்ப்போர், புல் அறுப்போர்
• சாலைப் பணியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், தோட்டப் பணியாளர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள்
• களை அடர்ந்த மனைகளை ஒட்டி வசிப்போர்

நடுத்தர வயதினரிடமும் முதியோரிடமும், குறிப்பாக ஆண்களிடம், இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. பெண்களுக்கும் வரக்கூடும், குழந்தைகளிடம் இது குறைவு.

அறிகுறிகள்

தோலில்:

• முகம், கண் இமைகள், கழுத்து, காதின் பின்புறம், சட்டைக் கழுத்து திறந்திருக்கும் மார்புப் பகுதி ஆகியவற்றில் கடுமையான அரிப்பும் சிவப்பும்
• முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, முன்கை, கைகளின் புறப்பகுதி ஆகியவற்றில் தடிப்பு
• நாள்பட்ட நிலையில் தோல் தடித்து, கறுத்து, வரிகள் ஆழமாதல்
• வெயிலில் செல்லும்போது எரிச்சலும் அரிப்பும் கூடுதல்

வெயிலால் மட்டும் வரும் தோல் நோயில், வெயில் படாத மேல் இமையும் தாடையின் அடிப்பகுதியும் காதின் பின்புறமும் பெரும்பாலும் தப்பிவிடும். காற்றில் வரும் துகளால் ஏற்படும் அழற்சியில் இவ்விடங்களும் பாதிக்கப்படும். இவ்வேறுபாடு மருத்துவருக்கு முக்கியமான தடயமாகும். எனினும் சிலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல, வெயில் ஒவ்வாமையும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

தொடக்க ஆண்டுகளில் செடி செழித்து வளரும் பருவத்தில் நோய் தோன்றி, பின்னர் அடங்கும். கவனிக்காமல் விட்டால் ஆண்டு முழுவதும் நீடிக்கும் நிலைக்கு மாறக்கூடும்.

மூச்சுப் பாதையில்:

• தொடர் தும்மல், மூக்கில் நீர் வடிதல், மூக்கடைப்பு
• கண் அரிப்பு, கண்ணீர் வடிதல்
• இருமல், நெஞ்சில் இறுக்கம், மூச்சில் இரைச்சல்

தோல் அழற்சி உள்ள அனைவருக்கும் மூச்சு ஒவ்வாமை வருவதில்லை. மூச்சு ஒவ்வாமை உள்ள அனைவருக்கும் தோல் அழற்சி வருவதும் இல்லை. இரண்டும் உடலில் வெவ்வேறு வழிகளில் உண்டாகின்றன.

நோயைக் கண்டறிதல்

நோயாளியின் தொழில், வசிப்பிடம், நோய் கூடும் பருவம், பாதிக்கப்பட்ட உடற்பகுதிகள் ஆகியவற்றைக் கேட்டறிந்தே மருத்துவர் முதலில் முடிவுக்கு வருகிறார். சந்தேகத்துக்குரிய செடியைப் பறித்து எடுத்துச் செல்ல வேண்டாம். கைப்பேசியில் படம் எடுத்துச் சென்று காட்டினால் போதும்.

உறுதிப்படுத்துவதற்கு ஒட்டுப் பரிசோதனை செய்யப்படுகிறது. செடியின் சாறு உள்ளிட்ட பொருள்கள் சிறு அளவில் மேல் முதுகில் ஒட்டப்படும். 48 மணி நேரத்துக்குப் பின் அவை அகற்றப்பட்டு, தோலின் மாற்றம் பார்க்கப்படும். மீண்டும் ஓரிரு நாள்களுக்குப் பின் ஒருமுறை பார்க்கப்படும். இந்நாள்களில் முதுகை நனைக்கக் கூடாது. வியர்வை பெருகும் வேலைகளைத் தவிர்க்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டால் முடிவு மாறக்கூடும் என்பதால், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் முன்னரே தெரிவிக்க வேண்டும். வீட்டில் இலையைக் கசக்கித் தோலில் தேய்த்துச் சோதித்துப் பார்ப்பது ஆபத்தானது.

சிகிச்சை

இந்த ஒவ்வாமையை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஆனால் செடியின் தொடர்பைக் குறைத்து, முறையாகச் சிகிச்சை பெற்றால் பெரும்பாலோர் இயல்பான வாழ்க்கை நடத்த இயலும்.

• ஸ்டீராய்டு களிம்புகள்: அழற்சியைத் தணிக்கும். முகத்துக்கும் உடலுக்கும் வெவ்வேறு வீரியமுள்ள களிம்புகள் தேவை. ஓரிடத்துக்குக் கொடுத்ததை மற்றோர் இடத்தில் பூசக் கூடாது.
• டாக்ரோலிமஸ் களிம்பு: இமை, முகம் போன்ற மெல்லிய தோற்பகுதிகளுக்கு மருத்துவர் பரிந்துரைக்கலாம்.
• ஈரப்பதம் காக்கும் களிம்புகள்: நாள்தோறும் குளித்தவுடன் பூசுவது நல்லது.
• அரிப்பைத் தணிக்கும் மாத்திரைகள்: சில வகைகள் உறக்கம் தரும். உட்கொண்ட பின் வாகனம் ஓட்டக் கூடாது.
• ஸ்டீராய்டு மாத்திரைகள்: நோய் கடுமையாகும்போது குறுகிய காலத்துக்கு மட்டும் தரப்படும்.
• அசாதியோப்ரின், மெத்தோட்ரெக்சேட் போன்ற எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள்: நீடித்த, பரவலான நோய்க்குத் தோல் மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படும். இவற்றை உட்கொள்வோர் குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். குழந்தைப் பேற்றுக்குத் திட்டமிடுவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மூச்சு ஒவ்வாமைக்கு மூக்கில் தெளிக்கும் மருந்துகளும் உறிஞ்சி மருந்துகளும் உரியவை. ஆஸ்துமா உள்ளவர்கள் அறிகுறி இல்லாத நாள்களிலும் மருத்துவர் கூறியபடி உறிஞ்சியைப் பயன்படுத்த வேண்டும்.

மருந்து குறித்த எச்சரிக்கை

மருந்துக் கடையில் சீட்டு இன்றி வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்துள்ளது. அவை ஓரிரு நாள்களில் அரிப்பைத் தணிப்பதால் நோய் குணமானது போலத் தோன்றும். தொடர்ந்து முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, முகப்பரு பெருகி, களிம்பை நிறுத்தியவுடன் அழற்சி முன்னிலும் கடுமையாகும். கண்ணைச் சுற்றி நீண்ட நாள் பூசுவது கண்ணையும் பாதிக்கலாம். நீண்ட காலம் உட்கொண்டு வந்த ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்தாகக்கூடும்.

பச்சிலைச் சாறுகளைப் புண்பட்ட தோலில் பூசும் முன் மருத்துவரைக் கேட்கவும். பார்த்தீனியம், சூரியகாந்தி, சாமந்தி ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு மற்றொன்றும் ஒவ்வாமல் போகலாம்.

நோயாளியும் பராமரிப்பவரும் நாள்தோறும் செய்ய வேண்டியவை

• நோயாளி களை பிடுங்கும் வேலையில் ஈடுபடவே கூடாது. களை அகற்றும் நாளில் அவர் அவ்விடத்திலிருந்து விலகியிருப்பது நலம்.
• வயலுக்குச் செல்வது தவிர்க்க இயலாததாயின், முழுக்கைச் சட்டை, கழுத்தையும் காதையும் மூடும் துண்டு, முகக்கவசம், இரப்பர் கையுறை ஆகியவற்றை அணிய வேண்டும். துணிக் கையுறை சாற்றைத் தடுக்காது.
• வீடு திரும்பியவுடன், கட்டிலிலோ பாயிலோ அமரும் முன், முகம் கை கால்களைச் சோப்பிட்டுக் கழுவி, உடை மாற்ற வேண்டும். இயன்றால் குளிக்கவும்.
• வயல் உடைகளைத் தனியே துவைக்கவும். களை அடர்ந்த மனையை ஒட்டிய கொடியில் துணி உலர்த்த வேண்டாம்.
• களை மிகுந்த திசையை நோக்கிய சன்னலைக் காற்று வீசும் வேளையில் மூடி வைக்கவும்.
• வீட்டில் வேறொருவர் புல் அறுத்து வந்தால், கட்டினைத் தொழுவத்தில் மட்டுமே அவிழ்க்கவும். நோயாளியின் அருகில் உதற வேண்டாம்.
• அரிப்பினால் இரவில் உறக்கம் கெடும். நகங்களை ஒட்ட வெட்டி வைப்பதும், படுக்கையறையைக் குளிர்ச்சியாக வைப்பதும் உதவும்.

இது தொற்று நோய் அன்று. உடன் உண்பதாலோ, தொடுவதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ பிறருக்குப் பரவாது. முகத்தில் தெரியும் நோய் என்பதால் பலர் வெளியே செல்வதையும் விழாக்களையும் தவிர்க்கின்றனர். நிலத்தை விட்டு விலக வேண்டுமோ என்ற கவலையும் சேர்கிறது. நோயாளி மனம் தளர்ந்திருந்தால் அதனையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வேலைகளைக் குடும்பத்தினர் மாற்றிப் பகிர்ந்துகொண்டாலே பலருக்கு நிலத்தை விட வேண்டிய தேவை ஏற்படுவதில்லை. நீர் பாய்ச்சுதல், கணக்கு, விற்பனை போன்ற வேலைகளை நோயாளியும், களையெடுத்தல், புல் அறுத்தல் ஆகியவற்றைப் பிறரும் ஏற்கலாம்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• உடல் முழுவதும் தோல் சிவந்து, செதில் செதிலாக உரிந்து, நடுக்கமோ காய்ச்சலோ ஏற்படுதல்
• புண்ணில் சீழ், வலி, வீக்கம்
• கண் இமை வீங்கிப் பார்வை மறைதல் அல்லது கண்ணில் வலி
• மூச்சுத் திணறல், பேச இயலாமை, உதடு நீலமாதல்
• எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்ளும்போது காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், மஞ்சள் காமாலை

தமிழ்நாட்டில் அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம்.

கால்நடைகளுக்கு விளையும் தீங்கு

கசப்புச் சுவை காரணமாக மாடுகளும் எருமைகளும் பொதுவாக இச்செடியைத் தொடுவதில்லை. ஆனால் வறட்சியில் வேறு பசுமை இல்லாதபோதும், அறுத்த புல்லுடன் கலந்து வரும்போதும் அவை உண்ண நேர்கிறது. தீவனத்தில் 10 முதல் 50 விழுக்காடு வரை பார்த்தீனியம் கலந்து ஊட்டிய ஆய்வில், மாடுகளும் எருமைகளும் நோயுற்றன; பல 30 நாள்களுக்குள் இறந்தன.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

• வாயிலும் நாக்கிலும் புண், உமிழ்நீர் வடிதல்
• தீவனம் எடுக்காமை, கழிச்சல், எடை குறைதல்
• முகம், கழுத்து, மடி ஆகிய இடங்களில் தோல் தடித்தல், முடி உதிர்தல், நிறம் வெளுத்தல்
• ஓயாமல் உடலை உராய்தல்

செடியை உண்ட மாட்டின் பால் கசக்கும். பார்த்தெனின் பாலில் கலப்பதும் ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. ஆட்டிறைச்சியின் சுவையும் கெடும். கசக்கும் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி தென்பட்டால், அம்மேய்ச்சல் நிலத்திலிருந்து கால்நடையை அகற்றி, தூய தீவனமும் நீரும் கொடுத்து, கால்நடை மருத்துவரை அணுகவும். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். அறுத்த புல்லை ஊட்டுவதற்கு முன் பரப்பிப் பார்த்து, பார்த்தீனியத்தைப் பொறுக்கி நீக்குவதை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.

நிலத்துக்கு விளையும் தீங்கு

பார்த்தீனியத்தின் வேரிலிருந்தும் மட்கும் இலையிலிருந்தும் கசியும் பொருள்கள் அருகிலுள்ள பிற விதைகளின் முளைப்பைத் தடுக்கின்றன. மகரந்தம் தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற பயிர்களின் சூல்முடியில் படிந்தால் காய்ப்பிடிப்பு குறைகிறது. மேய்ச்சல் நிலத்தில் தீவனப் புல்லின் விளைச்சல் 90 விழுக்காடு வரை குறைந்ததாகவும் பதிவாகியுள்ளது. அத்துடன், இச்செடி தான் நோயுறாமலே பயிர் நச்சுயிரிகளுக்குப் புகலிடமாகிறது. 2000-ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் அனந்தப்பூர் பகுதியில் நிலக்கடலையை அழித்த தண்டு அழுகல் நோயின் நச்சுயிரி, பார்த்தீனியத்தின் மகரந்தம் வழியாகவும் இலைப்பேன்கள் வழியாகவும் பரவியது கண்டறியப்பட்டது.

மேய்ச்சல் நிலம் சுருங்கும்போது கால்நடைகள் களையையே உண்ண நேர்கிறது. மக்கள் தொலைவு சென்று, களை மண்டிய இடங்களில் புல் அறுக்க நேர்கிறது. இவ்வாறு நிலத்தின் கேடு கால்நடைக்கும் மனிதருக்கும் வந்து சேர்கிறது.

பாதுகாப்பாக அகற்றும் முறை

1. பூக்கும் முன் அகற்றவும். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கையில் வேரோடு எளிதில் வரும்.
2. வேரை விட்டு மேலே மட்டும் வெட்டினால் செடி மீண்டும் துளிர்த்துப் பூக்கும். பூத்த செடியை வெட்டுவது மகரந்தத்தையும் விதையையும் பரப்பும்.
3. ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இல்லாதவர்கள், முழுக்கை உடை, இரப்பர் கையுறை, முகக்கவசம் அணிந்தே இப்பணியில் ஈடுபட வேண்டும். சிறுவர்களை ஈடுபடுத்தக் கூடாது.
4. பூக்காத செடியைக் குழியிலிட்டு மட்கச் செய்து எருவாக்கலாம். பூத்த செடியை எருக்குழியில் இட வேண்டாம். அதன் விதை எருவுடன் வயலுக்குச் செல்லும்.
5. காய்ந்த செடிகளைக் குடியிருப்புகளின் அருகே குவித்து எரிப்பதைத் தவிர்க்கவும்.
6. பயிரிடாத தரிசில் ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் உப்பு கரைத்துத் தெளிப்பது வழக்கில் உள்ள முறை. விளைநிலத்திலும் கிணற்றோரத்திலும் இது கூடாது. களைக்கொல்லிகளை வேளாண் அலுவலரின் அறிவுரைப்படி மட்டுமே பயன்படுத்த வேண்டும்.
7. களை நீக்கிய இடத்தை வெறுமையாக விடக் கூடாது. தகரை, ஆவாரை போன்றவை அடர்ந்து வளர்ந்து பார்த்தீனியத்தை ஒடுக்கும். துலுக்க சாமந்தியும் இவ்வாறு பயன்படும். ஆனால் அது பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் நோயாளியின் வீட்டருகே தவிர்ப்பது நல்லது.

மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட சைகோகிராம்மா என்னும் வண்டு 1984-இல் பெங்களூரில் முதலில் விடப்பட்டது. மழைக்காலத்தில் பார்த்தீனிய இலைகளைத் தின்று செடியை அழிக்கும் இவ்வண்டினால் மனிதருக்குத் தீங்கில்லை. செடியில் இவ்வண்டுகளைக் கண்டால் கொல்ல வேண்டாம்.

ஒரு வீட்டு மனையை மட்டும் தூய்மை செய்வதால் முழுப்பயன் கிட்டாது. அடுத்த மனையின் விதை மீண்டும் வந்து விழும். தெருவினரும் ஊராட்சியும் இணைந்து, மழை தொடங்கிய சில வாரங்களுக்குள், ஆண்டுதோறும் இப்பணியைச் செய்ய வேண்டும். நாடு முழுவதும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனியம் விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கப்படுவதும் இதன் பொருட்டே.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரை விட்டுச் சென்றால் நோய் நீங்குமா?
தொடர்பு குறைவதால் பலருக்கு நோய் தணியும். நீண்ட காலம் நோயுற்ற சிலருக்கு உடனே தணிவதில்லை. செல்லும் இடத்திலும் களை இருக்கக்கூடும். இம்முடிவை எடுக்கும் முன் மருத்துவரிடம் கலந்தாலோசிக்கவும்.

இச்செடியை மருந்தாகப் பயன்படுத்தலாமா?
கூடாது. உட்கொள்வதும் பூசுவதும் தீங்கு விளைவிக்கும்.

தோல் சரியான பின் களையெடுக்கச் செல்லலாமா?
கூடாது. தோல் ஆறினாலும் ஒவ்வாமை உடலில் நிலைத்திருக்கும். மீண்டும் தொடர்பு ஏற்பட்டால் நோய் திரும்பும்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. நோய் கண்டறிதலுக்கும் சிகிச்சைக்கும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவையோ அணுகவும்.